களத்தில் உட்கார்ந்த ஹீமோகுளோபின்

யுத்தக் காலத்தில், சென்னைப் பட்டணத்தின் மேல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடினார்கள். நான் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியையும் மூடிவிட்டார்கள். அங்கே ஆய்வுக்கூடத்தில் நான் டெமான்ஸ்டிரேட்டர். அதாவது, பேராசிரியை வகுப்பில் சொல்வதை நான் கண்ணாடிக் குழாயில் செய்து காட்ட வேண்டும். சொன்னபடி வந்தால் அது விஞ்ஞானம். வராவிட்டால் அது நான் குழாயைக் கழுவிய லட்சணம்.

சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே பட்டணத்திலிருந்து ஓடிவந்த உறவினர்கள் சமையலறை வரைக்கும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, "நீ அக்கா வீட்டுக்குப் போயிடும்மா, அங்கதான் கால் நீட்ட இடம் இருக்கும்" என்று நாமக்கல் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தது ராசிபுரத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊரில். கடலைக்காடு, பருத்தி, எருமைகள், பெரிய களம் என்று வசதியான பண்ணைக் குடும்பம்.

அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. குடத்தைத் தொட்டால் "படிச்ச புள்ள, கை நோகும்" என்று பிடுங்கிக்கொள்வார்கள். துடைப்பத்தைத் தொட்டால் இரண்டு பேர் ஓடிவருவார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு எங்கே போகும்? என் மனசு ரத்தத்துக்குப் போனது.

அந்த வருஷங்களில் என் மண்டைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் ஒரு விஞ்ஞானி, நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் சுழலும் ஒரு யந்திரம் செய்து, அதில் ரத்தத்தைச் சுழற்றி, அதிலுள்ள புரோட்டீன்களின் எடையைக் கண்டுபிடித்திருந்தார். நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் ஒரே துண்டு இல்லை, நாலு துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியது என்று தெரியவந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஓர் இரும்பு அணு. நத்தையின் ரத்தத்தில் இருப்பது இன்னும் பெரிய கூட்டம். அதிலே காரத்தைக் கொஞ்சம் கூட்டினால் அது பாதியாகப் பிரிகிறது, இன்னும் கூட்டினால் பாதியிலும் பாதியாக. பழையபடி மாற்றிவிட்டால் அந்தத் துண்டுகள் எல்லாம் தாமாகவே தேடிப்பிடித்து, இருந்தது இருந்தபடியே சேர்ந்துகொள்கின்றன. கூப்பிட ஆள் இல்லை, வரிசையில் நிறுத்த ஆள் இல்லை. இதைப் படித்த அன்று நான் இரண்டு பீக்கரை உடைத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஒருநாள் மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஜேடர்பாளையத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு ஒரு கூடை காவிரி நண்டோடு வந்தார். அக்கா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு நண்டை எடுத்து, கால் மூட்டை ஒடித்து, சொட்டியதை ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் பிடித்தேன். வடித்த கஞ்சியின் தெளிவு மாதிரி நிறமில்லாமல் இருந்தது. ஒரு கரண்டிக் காம்பால் கலக்கிக் காற்றுப் பட வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வெளிர் நீலம் ஏறியது.

எட்டிப் பார்த்த அக்கா அரைப்பதை நிறுத்தினாள்.

"அய்யோ சாமி! இதென்ன அம்மணி, சொட்டு நீலமாட்டம் ஆகுது?"

"ரத்தம் அக்கா. நண்டுக்கு நீல ரத்தம்தான். நம்ம ரத்தத்துல இரும்பு இருக்கு. அதோட ரத்தத்துல செம்பு இருக்கு. காத்து பட்டதும் நீலமாகுது."

நான் சொன்னதில் "செம்பு" என்ற ஒரு வார்த்தைதான் அக்காவின் காதில் தங்கியது. அவள் முகம் மாறிவிட்டது.

"செம்புப் பாத்தரத்துல புளி ஊத்துனா களிம்பு புடிக்குமல்லோ? நான் நண்டுக் கொழம்புக்கு இத்தன வருஷமாப் புளிதான ஊத்தறேன்!"

செம்பு என்றால் நண்டுக்குள் பாத்திரம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, அணு அணுவாகப் புரோட்டீனுக்குள் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. குழம்பு அடுப்பில் கொதித்து முடிந்து, மணம் தெருக்கோடி வரை போயும், அன்று யாரும் அதைத் தொடவில்லை. மச்சான் மட்டும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "களிம்பு புடிக்கறதுன்னா இந்நேரத்துக்கு நான் பச்சையாயிருக்கோணுமே" என்று சொல்லி, சட்டியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். முழுச் சட்டியும் அவருக்கே போதவில்லை.

மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சேலத்திலிருந்து வந்திருக்கிற டீச்சரம்மா நண்டு ரத்தத்தை நீலமாக்குகிறாளாம் என்று ஆரம்பித்து, மறு தெருவுக்குப் போனபோது நான் எந்த ரத்தத்தையும் எந்த நிறமாகவும் ஆக்குவேன் என்று ஆகியிருந்தது.

அதைக் கேட்டுக்கொண்டு வந்தார் சுகாதார நர்ஸம்மா. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், நெட்டையான ஆள், வெயிலிலும் மழையிலும் கறுப்புக் குடை. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு ஆரோக்கியம் சொல்லித் தருவது அவர் உத்தியோகம். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"இந்த ஊருல பாதி பொம்பளைங்க வெளுத்துப்போய்க் கெடக்குறாங்கம்மா. நான் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஒருத்தியும் கேக்க மாட்டேங்குறா. நீங்க ரத்தம் படிச்சவங்களாமே. ஒரு கூட்டம் போடுறேன். வந்து மூணே மூணு விஷயம் சொல்லுங்க. கீரை, செருப்பு, பூச்சி மருந்து. அவ்வளவுதான்."

கீரை இரும்புக்கு. செருப்பு, காட்டு மண்ணிலிருந்து கால் வழியாக ஏறும் கொக்கிப் புழுவுக்கு. பூச்சி மருந்து, ஏற்கெனவே ஏறிவிட்ட புழுவுக்கு. மூன்றும் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இத்தனை நாள் வாயடைத்துக் கிடந்த என்னிடம் ஒரு கூட்டத்தைக் கொடுத்துவிட்டு, கீரையோடு நிறுத்து என்றால் நடக்கிற காரியமா?

"கொஞ்சம் விளக்கமாச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க. ஆனா கீரை, செருப்பு, பூச்சி மருந்து."

கூட்டம் எங்கள் களத்தில் நடந்தது. அறுவடை முடிந்து கடலைக்காய் காய்ந்துகொண்டிருந்தது. அதை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, பூவரச மரத்து நிழலில் பெண்கள் உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வந்தது, நான் யாருடைய விரலையாவது கிழித்து நீலமாக்கிக் காட்டுவேன் என்ற நம்பிக்கையில்தான். சும்மா இருக்கும் கைக்குக் கடலைக்காய் உரிக்கக் கொடுத்திருந்தாள் அக்கா. நான் பேசப் பேச, படக் படக்கென்று ஓடு உடைகிற சத்தம் பக்கவாத்தியம் மாதிரி வந்துகொண்டே இருந்தது.

ரத்தத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சிவப்புத் துகள்கள் இருக்கின்றன, அவை மூச்சுப்பையில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு கை கால் எல்லாம் போய் இறக்கிவைக்கின்றன என்றேன். அது வரைக்கும் தலையாட்டினார்கள். "அந்தத் துகள் ஒவ்வொன்றும் நாலு துண்டு சேர்ந்தது" என்றேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நெய்க்காரம்மா கையை உயர்த்தினார். ஊர் எருமைகளின் வெண்ணெயெல்லாம் அவர் அடுப்பில்தான் உருகும். ராசிபுரம் சந்தைக்கு நெய் கொண்டு போகிறவர். தாமும் தம் நெய்யையே சாப்பிட்டு வளர்ந்தவர் என்பது பார்த்தாலே தெரியும். மாட்டு வண்டியில் அவர் ஏறினால் வண்டிக்காரர் எதிர்ப்பக்கம் மூன்று பேரை உட்காரவைப்பார்.

"ஏனுங்க டீச்சரம்மா, நாலு எதுக்குங்க? ஒண்ணு பத்தாதுங்களா?"

என் உடம்பு சிலிர்த்தது. கல்லூரியில் ஒரு பெண்ணும் இதுவரை இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நாலு என்று சொன்னால் நாலு என்று எழுதிக்கொள்வார்கள்.

"நல்ல கேள்வி! செய்தே காட்டுறேன்" என்றேன்.

பின்னாலிருந்து நர்ஸம்மா, "கீரை" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நாலு பேர் எழுந்து வாருங்கள் என்றேன். யாரும் அசையவில்லை. சரியென்று நானே முன்வரிசையில் கை காட்டினேன். ஒன்று, நெய்க்காரம்மா. இரண்டு, வலது கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு கம்பீரமான அம்மா. மூன்று, இடது கோடியில் அதே மாதிரி கம்பீரமாக உட்கார்ந்திருந்த இன்னொருவர். நாலாவதாக ஒரு புதுப்பெண். கல்யாணமாகி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. வாயைத் திறந்து பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் ஆளைக் காட்டியதும் கடலை உரிக்கும் சத்தம் நின்றுபோனது. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை அகல விரித்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். நான் ரொம்ப நன்றாகப் பேசுகிறேன், அதில் மெய்மறந்து ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத விஷயம் இதுதான். அவர்கள் இரண்டு பேரும் பெரிய வீட்டு மருமகள்கள். அண்ணன் மனைவி மூத்தவர், தம்பி மனைவி இளையவர். ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே தொழுவம். என்றைக்கோ ஒரு கிடாவெட்டு விருந்தில் இளையவர் வைத்த ரசத்தை மூத்தவர், "கை கழுவ வெச்ச தண்ணீன்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதையும் சொல்லாமல் எப்படி இருப்பது? அதற்காகத் தொழுவத்தில் நின்ற எருமையிடம் சொல்வார்களாம். "ஏ எருமை, நாளைக்கு விருந்துக்கு ஒறம்பரை வாராங்க, பெரிய அண்டாவ எடுத்து வைக்கோணும்" என்று மூத்தவர் எருமையிடம் சொன்னால், சற்று நேரம் கழித்து இளையவர் வந்து அதே எருமையிடம், "அண்டா ஓட்டையாப் போயி மாசமாச்சு, சொல்லீரு" என்பாராம். அந்த எருமையின் தலைக்கு மேலே ஒரு குடும்பமே நடந்துகொண்டிருந்தது.

இது ஒன்றும் தெரியாமல், நாலு பேரையும் தரையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவைத்தேன். "இப்போ ஒருத்தர் கையோட ஒருத்தர் கை, முழங்கையில கோத்துக்குங்க" என்றேன். மூத்தவருக்கும் இளையவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் வாய்த்துவிட்டது. இரண்டு பேரும் அசையவில்லை. நானே குனிந்து இருவர் கையையும் எடுத்துக் கோத்துவிட்டேன். கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஊரார் எல்லோரும் பார்க்கக் கையை உதறினால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று இருவரும் நினைத்திருக்க வேண்டும். இரண்டு முழங்கையும் இரும்புக் கொக்கி மாதிரி இறுகிக்கொண்டன.

அக்காவிடமிருந்து ஒரு கூடை அச்சு வெல்லம் வாங்கிக்கொண்டேன். "இந்த வெல்லம்தான் பிராணவாயு. எழுந்து நிற்கிறவங்க கையில ஒரு கட்டி வைப்பேன். யார் முதல்ல எழறீங்க?"

மூத்தவர் எழப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் உட்கார்ந்திருக்கையில் ஒருவர் மட்டும் எழுவது எவ்வளவு கஷ்டம் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடே. ஆனால் இளையவர் அதற்கு மேலும் ஒரு படி போய், உடம்பைத் தளர்த்திப் பாறாங்கல் மாதிரி கீழே அழுத்திக்கொண்டார். மூத்தவர் முக்கால் அடி கிளம்பி, தொப்பென்று உட்கார்ந்தார்.

பக்கத்தில் எருமை இல்லை. அதனால் நெய்க்காரம்மாவிடம் சொன்னார்.

"ஏனுங்க நெய்க்காரம்மா, சில பேரு பூசணிக்காயாட்டம் உக்காந்திருந்தா மத்தவீங்க எப்பிடிங்க எந்திரிக்கறது?"

இளையவரும் நெய்க்காரம்மாவிடமே பதில் சொன்னார்.

"சில பேரு எங்க போனாலும் மொதல்ல எந்திரிக்கோணும்னு பறந்தா அப்பிடித்தானுங்க ஆகும், நெய்க்காரம்மா."

"என்னைய எதுக்குங்க நடுவுல இழுக்கறீங்க? நான் வெல்லத்துக்காக உக்காந்திருக்கறனுங்க" என்றார் நெய்க்காரம்மா.

அந்த இடத்தில்தான் புதுப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். கை கோத்திருந்ததால் முந்தானை எட்டவில்லை. களுக்கென்று ஆரம்பித்து, உடம்பு முழுக்கக் குலுங்கி, அந்தக் குலுக்கலிலேயே காலை ஊன்றி எழுந்துவிட்டாள். அவள் எழுந்த வேகத்தில் ஒரு பக்கம் மூத்தவர் பாதி தூக்கப்பட்டார், அவரோடு இளையவரும். அப்புறம் நடந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. புடவைகளாக ஒரு சுழல். ஒரு கணம் கழித்துப் பார்த்தால் மூன்று பேர் நின்றிருக்கிறார்கள். நாலாவதாக நெய்க்காரம்மா, ஊரிலேயே கனமான அந்த மனுஷி, காற்றில் எழும்பும் பஞ்சு மாதிரி எழும்பி வந்து நின்றார்.

"ஐயோ, நான் ஒண்ணுமே பண்ணலீங்க! தானா வந்துட்டனுங்க!" என்று கத்தினார்.

நானும் கத்தினேன். "அதேதாங்க! முதல் ஆளுக்குத்தான் கஷ்டம். ஒருத்தர் எழுந்தா அடுத்தவங்களை இழுத்து விடறாங்க. கடைசி ஆளுக்குக் கஷ்டமே இல்லை. நம்ம ரத்தத்துல நாலு துண்டும் இப்படித்தான். மூச்சுப்பையில ஒண்ணு பிராணவாயுவைப் பிடிச்சா மத்த மூணும் சட்டுச் சட்டுன்னு பிடிச்சுக்கும்."

நாலு கையிலும் வெல்லம் வைத்தேன். "இப்போ ரத்தம் காலுக்கு வந்தாச்சு. இறக்கி வைக்கணும். ஒருத்தர் உட்காருங்க." மூத்தவரும் இளையவரும் நிமிர்ந்து நின்றார்கள். தான் முதலில் உட்காருவதா என்று இருவருக்கும் பிடிவாதம். நெய்க்காரம்மாவுக்குக் கால் வலித்தது. அவர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் வேறு யார் நிற்க முடியும்? நாலு பேரும் ஒன்றாகத் தரைக்கு வந்தார்கள்; நாலு வெல்லக்கட்டியும் கூடைக்கு வந்தது. ஏற்றும்போது ஒன்றாக ஏற்றி, இறக்கும்போது ஒன்றாக இறக்குவதை அவ்வளவு துல்லியமாக நான் எந்த வகுப்பிலும் காட்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளாடு கூட்டத்துக்குள் புகுந்து, கூடையில் வாயை விட்டு, ஒரு வெல்லக்கட்டியைக் கவ்விக்கொண்டது.

நெய்க்காரம்மா தரையில் உட்கார்ந்தபடியே, "டீச்சரம்மா, பாருங்க! அது ஒத்தையா வந்து எடுத்துக்குச்சுங்க. அதுக்கு நாலு பேரு வேண்டலீங்களே!" என்றார்.

"சரி, இப்போ அதுகிட்ட திருப்பிக் கேளுங்க" என்றேன்.

அக்கா ஓடிப்போய் ஆட்டின் வாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"பார்த்தீங்களா? தசைக்குள்ளேயும் இதே மாதிரி ஒரு சிவப்பு இருக்கு, ஒத்தைத் துண்டா. அது பிராணவாயுவைச் சுலபமாப் பிடிச்சுக்கும், லேசுல விடாது. சேமிச்சு வைக்க அது போதும். ஆனா ஊர் ஊராக் கொண்டு போய்க் கொடுக்கணும்னா, பிடிக்கவும் தெரியணும், விடவும் தெரியணும். அதுக்குத்தான் நாலு."

நெய்க்காரம்மா ஆட்டையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "செரிங்க. ஒத்துக்கறனுங்க" என்றார். என் வாழ்க்கையில் வாங்கிய எந்தப் பட்டமும் எனக்கு அந்த அளவு பெருமையாக இருந்ததில்லை.

அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. பேச விடவில்லை. களத்தில் இருந்த அத்தனை பெண்களும் நாலு நாலாகப் பிரிந்து, கை கோத்து உட்கார்ந்துவிட்டார்கள். எழுவதும் விழுவதும் சிரிப்பும் கூச்சலுமாக, ஒதுக்கி வைத்திருந்த கடலைக்காய் மேலெல்லாம் புரண்டார்கள். மச்சான் வேலியோரம் நின்று, தன் விளைச்சல் நொறுங்குவதைப் பார்த்தார். "ஓடு உரிக்க மில்லுக்கு அனுப்பற வேல மிச்சம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நர்ஸம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவர் அனுபவசாலி. எல்லோரும் ஆடி ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் கிடந்த நேரம் பார்த்து நடுவில் வந்து, குடையைத் தரையில் ஓங்கி ஊன்றினார்.

"மூச்சு வாங்குதா?"

"வாங்குதுங்க."

"நாலு தடவை எழுந்ததுக்கே வாங்குதா? ஏன் வாங்குது? அந்த நாலு நாலு பேரு கூட்டம் உங்க ஒடம்புல பத்தலை. அதைச் செய்ய இரும்பு வேணும். இரும்பு கீரையில இருக்குது. வர்ற இரும்பைப் புழு உறிஞ்சுது. புழு வெறுங்கால்ல ஏறுது. அதனால என்ன வேணும்?"

களமே ஒரே குரலில், "கீரை, செருப்பு, பூச்சி மருந்து!" என்றது. அன்று அவர் கொண்டுவந்த மருந்து தீர்ந்துபோய், மறுபடி ராசிபுரம் போய் வாங்கிவர வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கொல்லைப்பக்கம் வளையல் சத்தம் கேட்டது. புதுப்பெண் நின்றுகொண்டிருந்தாள். தரையைப் பார்த்தபடி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில் கேட்டாள்.

"ஏனுங்க, எனக்கு நாலுல எத்தனை இருக்குமுங்க? ரெண்டுதானுங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. கொஞ்சம் நடந்தாலே தலை சுற்றுகிறது, புகுந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, தன் ரத்தத்தில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் போல என்று ராத்திரியெல்லாம் யோசித்தாளாம்.

"அப்படி இல்லம்மா" என்றேன். "உன்கிட்ட இருக்கிற ஒவ்வொண்ணும் முழுசா நாலு நாலாத்தான் இருக்கும். அந்தக் கூட்டம்தான் எண்ணிக்கையில கம்மியா இருக்கு. பெருக்கிடலாம்."

"அப்ப கொறையில்லீங்களா?"

"ஒரு குறையும் இல்லை."

அவள் முகத்தில் நிம்மதி வந்தது. நர்ஸம்மாவிடம் கூட்டிப் போனேன். பூச்சி மருந்து, இரும்புச் சத்து மருந்து, முருங்கைக்கீரை என்று எல்லாம் ஆரம்பமாயின. மாமியார் என்ன சொல்வாரோ என்று பயந்தாள். அந்த மாமியாரே முந்தின நாள் களத்தில் மூன்று தடவை விழுந்து எழுந்தவர்தான். அவரும் ஒரு புட்டி வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே பெரிய வீட்டு அண்ணனும் தம்பியும் சேர்ந்து மச்சானைப் பார்க்க வந்தார்கள். இரண்டு பேர் முகமும் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது.

"ஏனுங்க, உங்க கொழுந்தியா நல்லா இருக்கட்டுமுங்க. ஆனா எங்களுக்கு இப்பிடிப் பண்ணிப்போட்டாங்களே" என்றார் அண்ணன்.

"என்னங்க ஆச்சு?" என்று மச்சான் கேட்டார்.

"ஊட்டுல ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டாங்கங்க."

"நல்லதுதானுங்களே?"

"என்னங்க நல்லது? முன்னால எருமைகிட்டச் சொல்லுவாங்க, செத்த நேரத்துல முடிஞ்சுரும். இப்ப நேருக்கு நேரா. அன்னைக்கு ரெண்டாவது எந்திரிச்சது யாருன்னு. பொழுது சாஞ்சு ஆரம்பிச்சா விடியற வரைக்கும் இதேதானுங்க."

தம்பி பெருமூச்சு விட்டு, கதவோரம் நின்ற என் பக்கம் திரும்பினார். "'ஏம்புள்ள, நீயா ரெண்டாவது?'ங்கறாங்க அண்ணி. 'நீங்க மூணாவதுங்கக்கா, பொய் சொல்லாதீங்க'ங்கறா எம்பட ஊட்டுக்காரி. நீங்க பாத்தீங்களாமே, யாருன்னு சொல்லீருங்க டீச்சரம்மா. முடிச்சுக்கலாம்."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு துண்டுகளுமே ஏறக்குறைய ஒரே சமயத்தில் மாறின என்று சொல்லி அனுப்பினேன். அது அவர்களுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. ஆனால் நான் ஊரில் இருந்த கடைசி நாட்களில் அந்த வீட்டுப் பக்கம் போனபோது, சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பேரும் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குத்துக்கூடத் தவறவில்லை.

பல வருஷம் கழித்து, ஹீமோகுளோபினின் உருவத்தையே கண்டுபிடித்துப் படமாகப் போட்டார்கள். நாலும் ஒரே மாதிரி இல்லை, இரண்டு விதம், விதத்துக்கு இரண்டாக நாலு என்று தெரிந்தது. பிராணவாயு ஏறும்போது அவை ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து இடம் மாறுகின்றன என்றும் தெரிந்தது. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன். புடவையும் கடலைத் தோலும்தான் குறை.

அது பின்னால். அதற்கு முன்பு, யுத்தம் முடிந்த பிறகு ஒருதரம், சேலத்திலிருந்து பட்டணத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் பலகையில் வாழப்பாடிக்காரப் பெண் ஒருத்தி, இரண்டு குழந்தைகளோடு. குழந்தைகள் அழுதன. அவள் அவர்களைக் கீழே முதுகோடு முதுகு உட்காரவைத்து, "எமகுளோபி ஆடுங்க, அழாதீங்க" என்றாள்.

"என்னது?" என்றேன்.

"எமகுளோபிங்க. எங்க ஊருல பொங்கலுக்கு ஆடுவோம். ஒரு நர்ஸம்மா வந்து சொல்லிக்குடுத்தாங்க. நாலு பேர் ஆடணும். நீங்க ஆடினதில்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன்; ஆடவைத்திருக்கிறேன், ஆடியதில்லை. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். பாவம், பட்டணத்துக்காரி என்று நினைத்திருப்பாள். "எறங்கி வாங்க, நாங்க மூணு பேரு, நீங்க வந்தா நாலு. கஷ்டமில்லை, நான் சொல்லித் தரேன். மொதல் ஆளுக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லி, தானும் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டினாள். பக்கத்தில் இருந்த ஒரு வக்கீல் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கி உட்கார்ந்தேன்.